கோசாய்குண்டாவில் நிண்ட மண்ணிறச் சுவெற்றர்

பேய், அற்புதம் எண்டு கதை சொல்லித் திரியிற ஆள் நான் இல்லை. கோயிலுக்குப் போனாலும் சாமியை விடச் சப்பாத்தை எங்க விட்டனான் எண்டதிலதான் என்ர கவனம். சிரிக்கிறதெண்டா சிரியுங்கோ, ஆனா கேட்டு முடிச்சாப் பிறகு சிரியுங்கோ.

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி. நானும் மனிசி வதனியும் ஜெர்மனியில, ஹம் எண்ட ஊரில ஒரு அறையும் குசினியுமா இருந்த காலம். எங்கட அகதி வழக்கு முடியேல்லை, முடியும்வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது, டோர்ட்முண்டில ஒரு கலியாணவீட்டுக்குப் போறதெண்டாலும் கந்தோரில போய் அனுமதி கேக்கவேணும். எங்கட சிநேகிதன் யூட்டுக்கு அந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை. மன்னார்ப் பொடியன், சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், முதியோர் இல்லத்தில வேலை, வழக்கு வெண்டு பயணப் பத்திரமும் கையில. கூட வேலை செய்யிற ஜெர்மன்காரரோட நேபாளத்தில மலையேறப் போயிட்டு வந்து, அவையளை மாதிரியே ‘டியா ஆபென்ட்’ வைக்கிறன் எண்டு ஸ்லைட் மெஷினையும் தூக்கிக்கொண்டு எங்கட அறைக்கே வந்திட்டான். பேர்தான் படம் காட்டுற மாலை, வந்தது ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு.

எனக்கு அவனில பொறாமை, வயிறு பத்தி எரியிற பொறாமை. அவன்ர பத்திரத்தில, கமராவில, எல்லாத்தையும் விட, அவன் கதைக்கேக்க வதனி சிரிக்கிற சிரிப்பில. தம்பி எண்டுதான் அவனைக் கூப்பிடுறவள், எண்டாலும் என்ர பகிடி ஒண்டுக்கும் அவள் அப்பிடிச் சிரிச்சதில்லை. எங்க ஒருநாள் என்னை இந்த அறைக்குள்ள விட்டிட்டுப் போயிடுவாளோ எண்ட பயம் எனக்கு. அதால அவள் சிரிக்கிற நேரமெல்லாம் நான் வேணுமெண்டே இருமுவன்.

யன்னலின்ர ரோலாடனை, அந்தச் சுருட்டுக் கதவை, இறக்கினவுடன பட்டப்பகலிலயே அறை கும்மிருட்டு. சுவரில வெள்ளைப் பெட்சீற். கல்லுப் படிகள், தேத்தண்ணிக் குடிசை, கயித்தில கட்டின கலர்க் கொடிகள், பனி மூடின கணவாய், எல்லாம் வந்து போச்சு. பிறகு கணவாய்க்குக் கீழ ஒரு குளம், கோசாய்குண்டா. சிவன் நஞ்சு குடிச்சுத் தொண்டை எரிய, சூலத்தால மலையில குத்தித் தண்ணி எடுத்த இடமாம். யூட் சொல்லுறான், வதனி மூச்சு விடாமல் கேக்கிறாள்.

“ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவரேல்லையோ தம்பி?”

“ஐயோ அக்கா, மறந்துபோனன். அந்தத் தண்ணியில கை வைக்கேலாது, அவ்வளவு குளிர்.”

“நானெண்டா வைச்சிருப்பன்” எண்டாள். வெள்ளிக்கிழமை விரதம் தவறாதவள், அவளால ஹம்மைத் தாண்டேலாது.

அடுத்த படம் விழுந்தது. அதே குளம். கரையில ஒரு பொம்பிளை, முதுகு எங்கட பக்கம், குனிஞ்சு தண்ணி அள்ளுறாள். மண்ணிறச் சுவெற்றர். முழங்கையில பச்சை நூலால தைச்ச பொத்தல்.

வதனியின்ர சுவெற்றர். மண்ணிற நூல் இல்லாமல் பச்சையால அவளே தைச்சது, அண்டைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில இருந்தவள்.

“ஆரடா உது?”

“தெரியாது அண்ணை. அங்க ஒரு பொம்பிளையும் நிக்கேல்லை. இதை நான் எடுக்கேல்லை.”

நம்பினா நம்புங்கோ, எனக்கு முதல் வந்தது பயமில்லை. எப்பயடா இவளைக் கூட்டிக்கொண்டு போனனீ எண்டுதான் மனம் கேட்டது. டோர்ட்முண்டுக்கே போகேலாதவள் இமயமலைக்கு எப்பிடிப் போறது எண்ட யோசினை கூட வரேல்லை. ஆத்திரத்தில நெஞ்சு நோக நோக இருமினன், இருமிக்கொண்டே எழும்பிப் போய் ரோலாடனை மேல இழுத்தன்.

வதனி இருந்த இடத்திலதான் இருந்தாள். மேல்மூச்சு வாங்குது. சுவெற்றர்க் கை ரெண்டும் முழங்கைவரைக்கும் ஈரம், ரெண்டு கையையும் குவிச்சுப் பிடிச்சிருக்கிறாள், உள்ளுக்குத் தண்ணி. என்ர முழங்காலைக் கடக்காமல் அவள் குசினிக்குப் போகேலாது, அவ்வளவு சின்ன அறை. எழும்பி வந்து என்ர தலையில தெளிச்சாள், ஐஸ் மாதிரிக் குளிர். பிறகுதான் யூட்டுக்கு. அந்த நேரத்திலயும் எனக்குத்தான் முதல் எண்டதைக் கவனிச்சனான், பாருங்கோ.

“எங்கயடி போனனீ?”

“இஞ்சதானே இருக்கிறன்” எண்டு சொல்லிப்போட்டு உடுப்பு மாத்தப் போனாள். யூட் சாப்பிடாமலே மெஷினைக் கட்டிக்கொண்டு போயிட்டான்.

கனகாலம் கழிச்சு எங்களுக்கும் ஜெர்மன் பாஸ்போட் கிடைச்சது. முதல் வேலையா நேபாளம் போவம் எண்டன். அவள் உடுப்பு மடிச்சுக்கொண்டே சொல்லுறாள், “எனக்கு ஏலாதப்பா, அண்டைக்கே அந்த ஏத்தம் மூச்சு முட்டிப்போச்சு. அங்க இருந்து திரும்பி வர மனமும் வரேல்லை. உங்கட அந்தப் பொய் இருமல் கேட்டுத்தான் வந்தனான்.”

இப்பவும் அவள் யன்னலைப் பாத்துக்கொண்டு கனநேரம் சத்தமில்லாமல் இருந்தா, மற்ற அறையில இருந்து நான் ஒருக்கா இருமுவன்.