மைக்கை அமுக்கிய கை

நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவன். ஆனால் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை என் மைக் செட்டில் பேசாத மந்திரி கிடையாது. வாடகை சைக்கிளில் ஒரே ஒரு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தொடங்கியவனுக்கு இன்று இரண்டு வண்டி நிறையப் பெட்டிகள். எவன் என்ன பேசுவான் என்பது தொண்டையைச் செருமும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

வருஷா வருஷம் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு காமெடி நிகழ்ச்சி நடக்கும். காலிழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித் தருவதற்காக. பாண்டியிலிருந்து ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் வந்து நடத்துவார்கள். எதிரில் இருப்பவர்களைக் கலாய்ப்பதுதான் அவர்கள் வேலை. எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. தர்மம் செய்கிறவர்கள் எதற்கு இவ்வளவு பல்லைக் காட்ட வேண்டும்?

போன வருஷம் கால் வாங்க இருந்தவன் என் கூட்டாளி. முப்பது வருஷம் என்னோடு கம்பம் ஏறி ஸ்பீக்கர் கட்டியவன். சுகரால் வலது காலை எடுத்துவிட்டார்கள். நிகழ்ச்சிக்கு முன்னால் அந்த இரண்டு பேரும் அவன் வீட்டுக்கு மூன்று தடவை போய்வந்தது என் காதுக்கு வந்தது.

“இன்னாடா கேட்டாங்க?”

“சும்மா பேசினு இருந்தோம்.”

“உன் ஒத்தக் கால வச்சி ஊர சிரிக்க வைக்கப் போறாங்கடா.”

“நீ உன் வேலைய பாருபா,” என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கால் கிடைக்காமல் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என முடிவுகட்டினேன். அந்த நிகழ்ச்சிக்கும் என் மைக் செட்டுதான்; அன்று ஆளை அனுப்பாமல், சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சரில் நானே உட்கார்ந்தேன். அவனை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

“ஐயாவுக்கு ஒத்தக் காலு, ஒத்தச் செருப்பு,” என்று தொடங்கினாள் அந்தப் பெண். “கோயிலுக்குப் போனாருன்னா...”

சத்தத்தை அடியோடு இறக்கினேன். மண்டபம் கப்சிப்.

மேடையிலிருந்து என் கூட்டாளிதான் கத்தினான். “டேய், மைக்க போடுடா. அது நான் சொல்லிக் குடுத்த ஜோக்கு.”

கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சத்தத்தை ஏற்றினேன். அவன் மைக்கை வாங்கினான்.

“கோயில்ல எல்லார் செருப்பும் காணாம பூடும். எனுது மட்டும் வுட்ட எடத்துலயே கெடக்கும். ஒத்தச் செருப்ப எவன் தூக்குவான்?”

சிரித்தார்கள்தான். ஆனால் சூடு ஆறிவிட்டிருந்தது. அவனுக்கும் அது தெரிந்தது. கீழே இறங்கியதும் ஊன்றுகோலோடு என்னிடம் வந்தான்.

“முப்பது வருஷம் எவன் எவனோ பேச நான் ஒயர் இழுத்தேன். நான் பேச ஒரே ஒரு நாள் கெடச்சுது. அதுலயும் பூந்து அமுக்கிட்டியே.”

நான் குனிந்து ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

இந்த வருஷமும் அவனைப் பேசக் கூப்பிட்டார்கள். புதுக் காலோடு மேடை ஏறினான். அந்த இரண்டு பேர் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. இருந்தும் மிக்சரை என் ஆளிடம் விட்டுவிட்டு முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவன் எடுத்த எடுப்பிலேயே என்னைத்தான் கலாய்த்தான்.