ஃபார்மிடபிள் என்ற அட்டை

பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியை முப்பத்தோர் ஆண்டுகள் இயக்கியவர் அவர். எல்லோருக்கும் லிஃப்ட்காரர். பள்ளிப்படிப்பு எட்டோடு நின்றது. ஆங்கிலம் வளர்ந்தது அந்தப் பெட்டிக்குள்தான். ஏறி இறங்குகிறவர்கள் பேசுவதில் புதிய சொல் காதில் விழுந்தால், மதிய இடைவேளையில் அகராதியைப் புரட்டி, சொல்லுக்கு ஓர் அட்டை வீதம் பொருளும் பிறப்பும் எழுதித் தேதியிட்டு அடுக்கிவிடுவார். நாலாயிரத்து இருநூறு அட்டைகள் சேர்ந்தன.

ஒருநாள் ஏழாவது மாடி வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீலம்மாவைப் பற்றிச் சொல்லும்போது, கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி ‘ஃபார்மிடபிள்’ என்றார். எதிர்ப்பவரை மலைக்கவைக்கும் வலிமை உடைய என்று சின்ன அகராதி பொருள் சொன்னது; பிறப்புச் சொல்லவில்லை. ‘ஃபார்ம்’ என்றால் உருவம், ஆகவே பேருருவம் கண்டு மலைப்பது என்று லிஃப்ட்காரர் தாமே ஊகித்து எழுதினார். இப்படி ஊகித்தவை பதினெட்டு. அவற்றை மட்டும் தனி நோட்டில் குறித்துவைத்தார்.

மனைவியின் தம்பி ஆங்கில ஆசிரியர். “உங்க பேர்லயே புத்தகமா போடலாம் மாமா” என்று அட்டைகளை மூன்று பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்கிக்கொள்ள லிஃப்ட்காரர் வாயெடுத்தார். என் தம்பியிடமா என்று மனைவி முறைத்தாள். அவர் எழுதி வாங்காமல் கொடுத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, மின்தூக்கியில் ஏறிய ஒரு கல்லூரிப் பெண்ணின் கையில் அந்தப் புத்தகத்தைக் கண்டார். மேலட்டையில் மைத்துனரின் பெயர். முன்னுரையில் அச்சகத்தாருக்குக்கூட நன்றி இருந்தது. அவருக்கு ஒரு வரி இல்லை. கேட்கப் போனவரிடம், சொல்லெல்லாம் பொதுச்சொத்து, அதில் யாருக்கென்ன உரிமை என்று மைத்துனர் நிதானமாக விளக்கினார்.

லிஃப்ட்காரர் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் ‘பேருருவம்’ அப்படியே இருந்தது. உலகத்தில் வேறெந்த அகராதியிலும் இருக்க முடியாத வரி அது. இதற்குள் நூலகத்துப் பேரகராதியில் சரியான பிறப்பை அவர் கண்டுபிடித்திருந்தார்: அச்சம் என்னும் பொருளுள்ள பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, உருவத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பதினெட்டையும் அந்த நோட்டிலேயே திருத்திவைத்திருந்தார். உழைப்பு தம்முடையது என்பதற்கு, தாம் செய்த தவறுகளைத் தவிர வேறு சாட்சி இல்லை.

இரண்டாம் பதிப்புக்குமுன் பேராசிரியர் ஒருவர் அந்த வரியைக் கிண்டல் செய்து பதிப்பகத்துக்கு எழுதிவிட, மைத்துனர் ஓடி வந்தார்.

“இது எங்கேருந்து மாமா வந்துச்சு? எந்த அகராதியிலயும் இல்லையே.”

“என் மண்டையிலேருந்து.”

“இன்னும் எத்தனை இடத்துல இப்படி?”

“பதினேழு. திருத்தம் தயாரா இருக்கு.”

நோட்டோடு ஒரு தாளையும் நீட்டினார். ‘என் மாமாவின் அட்டைகளிலிருந்து உருவான இந்நூலுக்கு, அவர் தந்த பதினெட்டுத் திருத்தங்களைப் பெற்றுக்கொண்டேன்.’ மைத்துனர் இருமுறை படித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

“குடும்பத்துக்குள்ள இதெல்லாம் எதுக்கு மாமா?”

“கையெழுத்துப் போடுடா” என்றாள் அக்கா.

அவர் போடவில்லை. நோட்டைத் தொடாமல் எழுந்து போனார்.

இரண்டாம் பதிப்பு வந்த வாரமே லிஃப்ட்காரர் ஒரு பிரதி வாங்கி, ரசீதோடு கோப்பில் வைத்தார். ஃபார்மிடபிள் திருந்தியிருந்தது. மற்றப் பதினேழும் அப்படியே இருந்தன. பிள்ளைகள் தப்பாகப் படிக்கிறார்களே என்ற உறுத்தல் மட்டும் அவருக்கென்று வந்து சேர்ந்தது.