ஓடியவனுக்கு விழுந்த முதல் அடி

காலை பத்தேகால் மணி. கிருஷ்ணகிரி மாந்தோப்புப் பாதையில் முதலில் நான் பார்த்தது, ஒற்றைச் செருப்போடு ஓடிவந்த முனியப்பனை. ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்த வழக்கில் ஏழு வருடம் சிறையில் இருந்து, மூன்று மாதம் முன்பு வெளியே வந்து, இந்தத் தோப்பில் வேலை பார்த்தவன். அந்த விடுதலைச் செய்தியை எங்கள் பத்திரிகைக்கு எழுதியதே நான்தான்.

பின்னால் தோப்புக் காவல்காரர் கத்தினார். "புடிங்கய்யா அவன! கெணத்தாண்ட செல்வி தனியா இருந்தா. ஓடறான் பாரு!"

சைக்கிளைக் குறுக்கே தள்ளினேன். அவன் விழுந்தான். முதல் அடியை நான்தான் கன்னத்தில் அடித்தேன். பிறகு ஓடிவந்த தோப்பு ஆட்களின் மண்வெட்டிக் காம்புகள் இறங்கின. இடது கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"டாக்டரம்மாகிட்ட போவணும், உடுங்க சாமி."

"வைத்தியம் இங்கியே பாக்கறோம்டா," என்று ஒருவன் சிரித்தான்.

கிணற்றடியிலிருந்து செல்வி மூச்சிரைக்க வந்தாள். "ஏன்யா அடிக்கறீங்க? என்னப் பாத்ததும் வேலையப் போட்டுட்டு ஓடினான். கிட்டகூட வரல."

அவன் கேட்டபடியே, சர்ச் பக்கத்தில் குடியிருந்த மனநல டாக்டரம்மாவிடம் அவனைத் தூக்கிப் போனோம். அவர் அவன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தனியா ஒரு பொண்ணப் பாத்து மனசு கெட்டா, நிக்காம எங்கிட்ட ஓடி வான்னு நான்தான் சொல்லியிருந்தேன். இதோட அஞ்சு தடவ வந்துட்டான். யார் மொதல்ல அடிச்சது?"

முதல் அடி யாருடையது என்று அன்று அனுப்பிய செய்தியில் நான் எழுதவில்லை.

இரண்டு மாதத்தில் கை கூடியது. முனியப்பன் தோப்பு வேலைக்குத் திரும்பினான். அதன்பிறகு ஒரு தடவைகூட டாக்டரம்மா வீட்டுக்கு அவன் ஓடவில்லை.