நிழல் விழுந்த பக்கம்

காலை 7.20. கடியப்பட்டணத்தில் பேருந்தை விட்டிறங்கிக் கரைக்கு நடந்ததும் முதலில் பார்த்தது, மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு நீல வள்ளத்தின் நிழல். அதன் முனை அலை வந்து தொடும் ஈரத்தில் கிடந்தது.

ஓவிய வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த பணி, கடற்கரைக் காலை ஒன்றை நேரில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் தீட்டிவருவது. தாளின் பின்புறம் ஊரும் நேரமும் எழுத வேண்டும். ஒரு நாளிதழில் இரண்டு ஆண்டுகள் நிருபராக இருந்துவிட்டு வகுப்பில் சேர்ந்தவள் நான். ஊரும் நேரமும் போடாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஒன்றேகால் மணி நேரம் இருந்தேன். காற்றில் பறந்த மணல், தாளில் தீட்டிய வானத்தின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் வகுப்பு. ஆசிரியர் தாள்களை மேசையில் பரப்பினார். என்னுடையதை மட்டும் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். அவர் கிழக்குக் கரை ஊர்க்காரர், இங்கே வந்து ஓராண்டு ஆகவில்லை.

"இது காலையில வரைஞ்சதா?"

ஆமாம் என்றேன்.

"காலை வெயில் கடல்லேருந்து வரும். நிழல் கரைப்பக்கம் விழணும். உன் நிழல் கடலுக்குள்ள போகுது. பொய் சொல்றதுன்னா வெயிலையாவது பாத்துச் சொல்லும்மா."

அந்தக் கரையில் கடல் மேற்கே இருக்கிறது, சூரியன் தென்னைகளுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்றேன். அவர் குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போய், கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தவர். அந்த ஒரு காலையை மாவட்டம் முழுவதற்கும் வைத்துக்கொண்டிருந்தார். வரைபடத்தைக் காட்டக் கைபேசியை எடுத்தேன். வகுப்பில் கைபேசி கூடாது என்றார். திங்கட்கிழமைக்குள் வேறு தாள் வர வேண்டும். வராவிட்டால் நான் பருவத் தேர்வு எழுத முடியாது.

வகுப்பைத் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு பேர், எல்லாரும் இந்த மாவட்டம். மலையடிவாரத்தில், பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வரும் இருவரை விட்டாலும், மற்றவர்களுக்கு நம் கரையில் சூரியன் எங்கே மறைகிறது என்று தெரியும். எல்லாரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த தாள்களை அப்போதுதான் கவனித்தேன். வேறு ஒன்றில்கூட மணல் இல்லை.

பலகையில் குத்தி வைக்க ஆசிரியர் எடுத்தது என் பக்கத்தில் உட்காரும் தோழியின் படத்தை. கடியப்பட்டணம், காலை 7 மணி. சூரியன் கடலில் இருந்தது. அவள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊரை அறியாதவர்கள் செய்யும் தவறை அவள் எப்படிச் செய்தாள் என்று மாடிப்படியில் வைத்துக் கேட்டேன்.

"வைட்டு, சூரியன் கடல்ல எறங்குத நேரம் போன்ல எடுத்த படம் மக்கா. வீட்டுல இருந்து பாத்து வரைஞ்சேன்."

"கடல் எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். சாருக்கு என்ன வேணும்னும் தெரியும், கேட்டியா. ஒனக்க நெழலு வந்து சாட்சி சொல்லுமா ஏட்டி?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஆசிரியரிடம் போய்ச் சொல்வேனா என்று என் முகத்தில் தேடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. போனால், என் தாளைக் காப்பாற்ற அவள் தாளைக் கிழிக்க வேண்டும்; பிறகு மற்றவர்களுடையதையும். ஆசிரியருக்கே உண்மை தெரிந்திருக்குமோ, வகுப்பில் எல்லார் முன்பும் சொல்லிவிட்டதை மாற்ற முடியாமல் இருக்கிறாரோ என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரமில்லை. ஆதாரமில்லாததைச் செய்தியாக்கக் கூடாது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் எவரிடமும் போகவில்லை.

ஞாயிறு மதியம் வீட்டில், சாப்பாட்டு மேசையில் இன்னொரு தாளை விரித்தேன். சூரியனைக் கடலிலிருந்து எழுப்பினேன். நிழலைக் கரைக்குத் திருப்பினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் அதற்கு இருபதுக்குப் பதினேழு போட்டார்.