இரண்டாற்று மாளிகையில் ஒரு குரல்

அக்னஸின் வேலை அடுத்தவர் குரல்களை இணைப்பது. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போர்டு. காதில் ஹெட்செட், எதிரே வரிசையாகச் சின்ன விளக்குகள். விளக்கு எரிந்தால் ஒயரைச் செருகுவாள். "நம்பர் சொல்லுங்க." மெட்ராஸ் மாமியாரையும் மணப்பாறை மருமகளையும் ஒரு நிமிஷத்தில் சேர்த்து வைத்துவிடுவாள். சொந்தத் தங்கையோடு மட்டும் ஐந்து மாதமாகப் பேச்சு இல்லை.

தங்கை பேட்ரிசியா உறையூரில் வாக்கப்பட்டவள். கணவர் சகாயநாதன் பள்ளிக்கூட வாத்தியார். சண்டைக்குக் காரணம் வீடு இல்லை, நகை இல்லை. ஒரு தொடர்கதை.

பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் 'குமரிச்சுடர்' என்ற மாதப் பத்திரிகை அச்சாகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட, காலேஜ் பெண்கள் படிப்பது. முதலாளி, ஆசிரியர், ப்ரூஃப் பார்ப்பவர் எல்லாம் அடைக்கலராஜ் ஒருவர்தான். அதில் சகோதரிகள் இருவரும் 'இரண்டாற்று மாளிகை' எழுதினார்கள். ஒரு மாதம் அக்காள், மறுமாதம் தங்கை. 'அக்னஸ் பேட்ரிசியா' என்று பெயர் போட்டதால் வாசகிகள் அது ஒரே ஆள் என்று நினைத்தார்கள். அடைக்கலராஜ் திருத்தவில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மூங்கில் புதருக்குள் ஒரு பாழ் மாளிகை. அதில் இரண்டு பெண்கள். மூத்தவள் மதுரவல்லியின் இடுப்பில் மாளிகையின் சாவி. இளையவள் நீலவேணி பேசினால் ஆற்றுத் தண்ணீர் நின்று கேட்கும். சாவியும் ஆறும் எவள் கைக்கு ஒன்றாக வருகிறதோ அவளுக்கே மாளிகை. மதுரவல்லி அக்னஸின் பெண், நீலவேணி பேட்ரிசியாவின் பெண். அடுத்தவள் பெண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் பாடாய்ப் படுத்தலாம், கொல்லக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

மாளிகைக்கும் ஒரு சட்டம் இருந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது. பேய்க்கு ஒரு தடவைக்கு மேல் கூப்பிட வராது. மறுபடி கூப்பிட்டால்தான் மனுஷி. இதை அவர்கள் கற்பனை செய்யவில்லை. பாலக்கரை வீட்டில் அம்மா சொல்லி வளர்த்தது. விளக்கு வைத்த பிறகு வாசலில் குரல் கேட்டால் சின்னப்பெண்கள் இருவரும் ஒருத்தி வாயை ஒருத்தி பொத்திக்கொண்டு இரண்டாவது குரலுக்குக் காத்திருப்பார்கள்.

அக்னஸின் கணவர் கல்யாணமாகிப் பதினோராவது வருஷம் இறந்துபோனார். மகள் இருதயமேரி அப்போது சிறுமி. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1977 ஜூலை இதழில், பேட்ரிசியா ஒரு அத்தியாயம் எழுதினாள். மதுரவல்லியின் அறைக்குள் போகும் ஆண் எவனும் உயிரோடு திரும்புவதில்லை.

எக்ஸ்சேஞ்சில் சாப்பாட்டு வேளையில், கூட வேலை பார்க்கும் ஜீனத் அதைச் சத்தமாகப் படித்தாள். "யக்கா, இந்த மதுரவல்லி சரியான புருஷன்முழுங்கிக்கா!" என்று சிரித்தாள். சுற்றியிருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஜீனத் நிமிர்ந்து பார்த்தாள். அக்னஸ் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே டவுன் பஸ் ஏறி உறையூருக்குப் போனாள்.

"என்னைத்தானே எழுதியிருக்க?"

"கதைக்கா. உன்னை நெனச்சு எழுதுவனா?"

"கதைன்னா உன் புருஷனைச் சாகடிக்கிறதுதானே."

பேட்ரிசியா கதவைப் பிடித்துக்கொண்டாள். "வாயைக் கழுவிட்டு வாக்கா."

"இனி நானா வந்தா கேளு."

"நானும் வந்து கூப்பிட மாட்டேன், போ."

அதன் பிறகு அத்தியாயங்கள் தனித்தனியாக அச்சகத்துக்குப் போயின. மதுரவல்லிக்குத் தலைமயிர் நரைத்தது. நீலவேணிக்குக் கண் மங்கியது. வாசகிகள் மாளிகை சூடு பிடிக்கிறது என்று கடிதம் போட்டார்கள்.

டிசம்பர் இதழ் அக்னஸின் முறை. ஒப்பந்தத்தை மீறினாள்.

'கீழ்வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. நீலவேணி அதனிடம் பேசினாள். தண்ணீர் கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டாள். மாடியில் மதுரவல்லி சாவியை விரலில் சுற்றியபடி இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை.'

நவம்பர் பத்தாம் தேதி கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் உறையூருக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது.

காலை ஷிப்டில் போர்டு முழுக்க விளக்கு. மெட்ராஸிலிருந்தும் மதுரையிலிருந்தும் எல்லாரும் உறையூரையே கேட்டார்கள்.

"லைன் இல்லைங்க."

"எங்க அம்மா அங்க தனியா இருக்காங்கம்மா, இன்னொரு தடவை பாருங்க."

ஒயரைச் செருகினாள். மணி போகவில்லை. இரைச்சல்கூட இல்லை. "லைன் இல்லைங்க." நூறு பேருக்காவது சொல்லியிருப்பாள். சொல்லச் சொல்ல அது அவள் எழுதிய வரியைப் போலவே ஒலித்தது. கீழ்வாசல் வழியாகத் தண்ணீர் வந்தது. யாரும் பதில் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் உறையூர் பக்கம் ஓடினாள். ரோட்டுக்குக் குறுக்கே போலீஸ் கயிறு கட்டியிருந்தது. அதற்கு அப்பால் இடுப்பளவு தண்ணீர். ஒரு கட்டில் மிதந்து போனது. வாத்தியார் வீட்டுத் தெரு என்ன ஆனது என்று கேட்டாள். போலீஸ்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போனாள். அடைக்கலராஜ் வேட்டியை மடித்துக்கட்டி, நனைந்த பேப்பர் கட்டுகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இந்தத் தண்ணியில?"

"என் அத்தியாயத்தைக் கலைங்க."

"எதை?"

"நீலவேணி சாகுறதை. அச்சு எழுத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டுடுங்க."

"எழுத்தைச் சட்டத்துல பூட்டி மெஷின்ல ஏத்தியாச்சும்மா. கரண்ட் வந்தா ஓட்ட வேண்டியதுதான்."

"கரண்ட் வர்றதுக்குள்ள கலைங்க."

"நல்லா இருக்கே. தண்ணி என்ன, உங்க கதையைப் படிச்சுட்டா வந்துச்சு?"

பக்கங்களை இறுக்கும் இரும்புச் சாவி மெஷின்மேல் கிடந்தது. அக்னஸ் எடுத்துத் திருகினாள். சட்டம் தளர்ந்தது. இரண்டு கையாலும் உலுக்கினாள். ஈய எழுத்துகள் பொலபொலவென்று தரையில் கொட்டின.

அடைக்கலராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் குனிந்து பார்த்தாள். ஒரு சொல்கூட மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் இல்லை. இருதயமேரி பக்கத்து வீட்டில் இருந்தாள். அக்னஸ் மாதா படத்தின் முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, ஜெபமாலையை எடுத்தாள். எத்தனை மணி உருட்டினாள் என்று நினைவில்லை.

"அக்கா."

வாசலில்தான். தங்கையின் குரல்தான். ஆனால் கரகரப்பாக, தண்ணீர் குடித்த தொண்டை மாதிரி.

அக்னஸின் வாய் திறந்து அப்படியே நின்றது. கை தானாக வாயைப் பொத்தியது. ஒரு தடவை. இன்னொரு தடவை கூப்பிடட்டும். கூப்பிடுடி.

மழை மட்டும் கேட்டது.

இரண்டாவது குரல் வரவில்லை. அவள் எழுதியதைப் போலவே வரவில்லை. மெழுகு விரலில் சொட்டியது. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசியில் தாழ்ப்பாளைப் பிடுங்குவதுபோல இழுத்தாள்.

வாசலில் யாரும் இல்லை. படியில் ஈரம். தெருக்கோடியில் சேறு படிந்த சேலையோடு ஒருத்தி கோயில் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தாள். செருப்பில்லாத கால். இடது காலைச் சாய்த்து வைக்கும் அதே நடை.

"பேட்ரிசியா! ஏய் பேட்ரிசியா! அடியே, பேட்ரிசியா!"

தெருவே எட்டிப் பார்த்தது. அவள் திரும்பினாள்.

"ஒரு தடவை கூப்பிட்டா திறக்க மாட்டியாக்கா?"

"இன்னொரு தடவை கூப்பிட்டா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?"

"வந்து கூப்பிட மாட்டேன்னு சொல்லியிருந்தேன். அதையும் மீறி ஒரு தடவை கூப்பிட்டேன். அதுக்கு மேல ரோஷம் விடலை."

"நீ பேயின்னு நெனச்சேன்டி."

பேட்ரிசியா தன் கோலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "அதுவும் சரிதான்."

சகாயநாதன் பள்ளிக்கூட மொட்டைமாடியில் பத்திரமாக இருந்தார். அவளை முதல் படகில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அக்னஸ் தங்கையின் தலையைத் துவட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கொன்றதை, கலைத்ததை.

துண்டுக்குள்ளிருந்து பேட்ரிசியா தலையை வெளியே நீட்டினாள். "முழுசாவா கலைச்ச? அட கடவுளே! விட்டிருந்தா நான் பேயா வந்து உன்னை ஒரு வழி பண்ணியிருப்பேனே!"

மாளிகை அதற்குப் பிறகும் ஏழு வருஷம் நின்றது. சண்டை ஓயவில்லை, பேச்சும் நிற்கவில்லை.

1985 தொடக்கத்தில் அக்னஸுக்கு வால்வு சரியாக மூடாமல் இருதயம் வீங்கிப்போயிருக்கிறது என்றார் டாக்டர். இருதயமேரி பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்திருந்தாள். ஒரு வால்வு மூடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்க அம்மா சொல்லச் சொல்ல, அத்தியாயத்தை அவள்தான் எழுதினாள். மதுரவல்லி சாவியைத் தங்கையின் தலைமாட்டில் வைத்துவிட்டு, விடியுமுன் ஆற்றில் இறங்கிப் போனாள்.

பேட்ரிசியா அதைக் கட்டிலருகே நின்று படித்தாள்.

"உன் பெண்ணை நீயே கொல்றியே. இது ஒப்பந்தத்துல இல்லைக்கா."

"நீ கொல்ல மாட்ட. அதான்."

"நான் இதைக் கலைப்பேன்."

"அச்சாயிடுச்சுடி. இனி உன் முறை."

ஆறு நாளில் அக்னஸ் போய்விட்டாள்.

இரண்டு இதழ்கள் மாளிகை இல்லாமல் வந்தன. மூன்றாம் மாதம் பேட்ரிசியா ஒரே ஒரு பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். மழை இரவு. கதவுக்கு வெளியே 'நீலவேணி' என்று ஒரு குரல். நீலவேணி எழுந்து போய்த் திறந்தாள். அவ்வளவுதான் அத்தியாயம்.

அடைக்கலராஜ் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "ஒரு தடவைதானேம்மா கூப்பிட்டிருக்கு? ரெண்டாவது குரலை எழுதாம விட்டுட்டீங்களே. இது பேயாச்சே?"

"தெரியும்," என்றாள் பேட்ரிசியா. "அப்படியே அச்சுக் கோத்துடுங்க."