மாமி வீட்டுக்கு நேரம் காணாது

என் மகள் செய்யாத ஒரு குற்றத்தை, அவளுடைய பத்தாவது வயதில், நான் அவள் தலையில் ஏற்றிவைத்தேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஏற்றினேன். பதினெட்டு வருடங்களாக இறக்கவில்லை.

இதை உங்களிடம் சொல்கிறேன். உங்களை நான் அறியேன். அறிந்தவர்களிடம் சொல்லக்கூடிய காலம் போய்விட்டது... ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் எண்கணிதம் படிப்பித்த ஆசிரியன். ஊர் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றிலுள்ள நாரந்தனை. மகள் தவமணி பிறந்து ஆறு மாதத்தில் அவளுடைய தாய் காய்ச்சலில் படுத்தாள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்கவேண்டும். கையில் காசில்லை. சம்பளம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. எங்கே போனதென்று எனக்கே தெரியவில்லை. காசு புரட்ட அரை நாள் போயிற்று. அந்த அரை நாள் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரியாமலே இருக்கிறது.

என் பிள்ளை காசு அறியாதவளாக வளரக்கூடாது என்ற பயம் அன்றைக்கு எனக்குள் வந்தது. ஐந்து வயதில் அவளைத் தனியே கடைக்கு அனுப்பி மிச்சக் காசைச் சரிபார்க்கப் பழக்கினேன். ஆறு வயதில் தபாற்கந்தோரில் அவள் பெயரில் சேமிப்புப் புத்தகம் எடுத்தேன். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை இழக்கிறாய் என்று ஏழு வயதில் சொல்லிக்கொடுத்தேன். இவை பிழையென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் எதற்குக் கணக்குப் பார்க்கலாம், எதற்குப் பார்க்கக்கூடாது என்பதை யார் சொல்லிக்கொடுப்பது? எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?

தாயில்லாத அவளை ஐந்து வயதுவரை வளர்த்தவள் என் அக்கா. தவமணிக்கு மாமி. அயலூரான சரவணையில் தனியே இருந்தாள். இளம்வயதில் கணவனை இழந்தவள், பிள்ளையில்லை. நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது தன் இரண்டு காப்புகளையும் விற்றுத் தந்தவள். பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் பிள்ளையை என்னிடம் கூட்டிவந்து விட்டுவிட்டு, படலைவரை போய், திரும்பி வந்து, பிள்ளையின் தலையை மோந்துவிட்டுப் போனாள்.

சித்திரை வருடப்பிறப்பில் எங்கள் ஊர்களில் கைவிசேஷம் என்று ஒன்று உண்டு. பஞ்சாங்கத்தில் குறித்த நல்ல நேரத்துக்குள் பெரியவர்கள் வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்துச் சிறியவர்களுக்குக் கொடுப்பார்கள். வருடத்தின் முதற்காசு. கொடுக்கும் கை நல்ல கையாக இருந்தால் வருடம் முழுவதும் காசு தங்கும் என்பது நம்பிக்கை. அதனால் கணவனை இழந்தவள் கையால் வாங்க யாரும் தம் பிள்ளைகளை விடுவதில்லை. அக்காவின் கையால் கைவிசேஷம் வாங்கும் பிள்ளை இந்தத் தீவிலேயே ஒன்றுதான். தவமணி.

இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அந்த வருடம் நல்ல நேரம் காலை ஏழேகாலில் இருந்து ஒன்பது மணிவரை. முதல்நாள் பின்னேரம் நானும் மகளும் முற்றத்தில் இருந்தோம். இதையும் ஒரு பாடமாக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. என்ன புத்தி அது!

"சரவணைக்குப் போய் வர எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டேன்.

"ஒண்டேகால் மணித்தியாலம்."

"மாமி எவ்வளவு தாறவ?"

"இருவத்தைஞ்சு சதம்."

"அந்த ஒண்டேகால் மணித்தியாலத்துக்குள்ளை இஞ்சை பக்கத்திலை எத்தினை வீட்டுக்குப் போகலாம்?"

விரல்களை மடித்தாள். "அஞ்சு."

"வீட்டுக்கு ஐம்பது சதம் எண்டால்?"

"இரண்டரை ரூபா." பிறகு சொன்னாள்: "ஆனா அப்பா, மாமி பாத்துக்கொண்டு இருப்பா."

"மாமி எங்கை ஓடியே போகப்போறா? பின்னேரம் போகலாம். காசுக்குத்தான் நேரம் பாக்கவேணும். பாசத்துக்கு எந்த நேரமும் நல்ல நேரம்."

இந்த வசனத்தைச் சொன்னபோது எனக்கு என்மேல் ஒரு பெருமிதம் வந்தது. உண்மையாகவே வந்தது. வகுப்பில் ஒரு கடினமான கணக்கைப் பிள்ளைகளுக்கு விளங்கவைத்துவிட்டால் வருமே, அந்தப் பெருமிதம்.

மறுநாள் தவமணி நான் சொன்ன ஒழுங்கில் வீடுவீடாகப் போனாள். பின்னேரம் நாங்கள் சரவணைக்குப் போகவில்லை. கோயிலடியில் தேங்காயோடு தேங்காய் மோதி உடைக்கும் போர்த்தேங்காய் அடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பொழுது சாய்ந்துவிட்டது. நாளைக்குப் போகலாம் என்றேன்.

அந்த நாளைக்கு அக்காவே வந்தாள். வெயிலில் நடந்து வந்தாள். மடியில் இருந்து வெற்றிலைச் சுருளை எடுத்தாள். வெற்றிலை வாடிப்போயிருந்தது. நேரம் முடிந்தால் என்ன, பிள்ளையின் காசு பிள்ளைக்குத்தான் என்றாள். என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்ரை கை கூடாத கை எண்டு ஆரும் உனக்குச் சொல்லித் தந்தவையோ, குஞ்சு?"

தவமணி பதறிப்போனாள். மாமி அப்படி நினைத்துவிட்டாளே என்று அவளுக்குத் தாங்கவில்லை. மாமியின் மனம் ஆறட்டும் என்றுதான், உள்ளதை உள்ளபடி, முழுவதும் சொன்னாள்.

"ஐயோ, அதில்லை மாமி. உங்கடை கை நல்ல கை. நேரம்தான் காணாது. உங்களிட்டை வந்து போற நேரத்துக்கு இஞ்சை அஞ்சு வீட்டுக்குப் போகலாம். வந்தால் இரண்டேகால் ரூபா நட்டம், மாமி."

அக்கா அவளை அணைத்திருந்த கையை மெல்ல எடுத்தாள்.

"நட்டம்..." என்றாள். சிரிக்கப் பார்த்தாள். "கணக்கெண்டால் சரியான கணக்குத்தான். இது ஆரின்ரை மூளை?"

கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு வசனம் போதும். நான்தான் அக்கா, விசர் வேலை பார்த்துவிட்டேன். திட்டியிருப்பாள். என் குடுமியைப் பிடித்து ஆட்டுவதுபோல நாலு வார்த்தை கேட்டிருப்பாள். பிறகு தேத்தண்ணி கேட்டிருப்பாள்.

அவளுடைய வெறுங் கைகளைப் பார்த்தேன். அந்தக் கைகளில் இருந்த காப்புகளை விற்றுப் படித்தவன் நான். அந்தக் கை தரும் காசைத்தான் குறைவென்று கணக்குப் போட்டிருக்கிறேன்... நாக்கு எழவில்லை. எழுந்தபோது பொய்யாக எழுந்தது.

"எனக்கென்ன தெரியும் அக்கா. எடியே, ஆரடி உனக்கு இப்பிடிச் சொன்னது?"

தவமணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்தது? நாலு விநாடி இருக்குமா? அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலையைக் குனிந்தாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் யோசிச்சனான்."

நான் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

ஆம்... அடித்தேன். என்னைக் காப்பாற்றிய பிள்ளையை, காப்பாற்றிய அந்தக் கணத்திலேயே அடித்தேன். அக்காதான் தடுத்தாள். "விடு தம்பி, அடியாதை. இவள் பிழைச்சுக்கொள்ளுவாள்" என்றாள். வெற்றிலைச் சுருளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தேத்தண்ணி குடிக்கவில்லை.

அடுத்த கிழமை தவமணி தானாகவே கொஞ்சம் கொய்யாப்பழம் எடுத்துக்கொண்டு சரவணைக்குப் போனாள். போன கையோடு திரும்பி வந்தாள்.

"என்ன, உடனை வந்திட்டாய்?"

"மாமி கதிரை எடுத்துப் போட்டவ."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். 'நீர் இரும், வெயிலுக்குள்ளாலை வந்தனீர்' எண்டு சொன்னவ."

எங்கள் பேச்சில் 'நீர்' மரியாதையான சொல். அயலவரைச் சொல்வோம், வளர்ந்த மாணவரைச் சொல்வோம். தன் மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளையை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அன்றைக்குத் தொடங்கிய அந்த 'நீர்' கடைசிவரை மாறவில்லை. கோபமில்லை, ஏச்சில்லை. தவமணி பெரியபிள்ளையானபோது வந்தாள், கலியாணத்துக்கு வந்தாள், சங்கிலி போட்டாள், "நீர் நல்லா இருக்கவேணும்" என்று வாழ்த்தினாள். கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கதை ஊரிலும் பரவியது. யார் சொன்னார்களோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'நட்டம்' என்று பட்டம் வைத்தார்கள். "நட்டம் வருகுது" என்று பெடியள் கத்துவார்கள். என் வகுப்பு யன்னலுக்கு வெளியே கத்துவார்கள். நான் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன்.

அவள் ஒருநாளாவது என்னைக் கேட்டாளா? இல்லை. நானாவது அவளிடம் தனியே சொன்னேனா? இல்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழ், நானும் அவளுமாகப் பத்து வருடங்கள் சாப்பிட்டோம். அவள் குசினிக்கும் எனக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று கேட்பாள். போதும் என்பேன். அவ்வளவுதான் எங்கள் கதை.

போன மாரியில் அக்கா படுக்கையில் விழுந்தாள். சொல்லிவிடத் தீர்மானித்து மூன்று தரம் போனேன். மூன்றாந்தரம் அவளே தொடங்கினாள்.

"தம்பி, ஒண்டு கேக்கவேணும். அந்த வயசிலை, அந்தக் கணக்கு அவளுக்கு எப்பிடி வந்தது? நான் வளத்த பிள்ளையடா... என்னட்டை இருந்து வரேல்லை."

படுத்த படுக்கையில் இருந்தே எனக்கொரு வாசலைத் திறந்து வைத்தாள் என் அக்கா. நான் உள்ளே போகவில்லை.

"தாய்வழிக் குணம், அக்கா" என்றேன்.

செத்துப்போனவளையும் விடவில்லை நான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "அதுதானே" என்றாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

தவமணி கலியாணம் செய்துபோன காரைநகரில் இருந்து வந்து, பிரேதத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "காணி ஆருக்கெண்டு தெரியாமல் அழுகிறாளாக்கும்." அப்போதும் நான் திரும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் காரைநகருக்குப் போனேன். இனியாவது சொல்லவேண்டும். கேட்க அக்கா இல்லை, மகள் இருக்கிறாளே.

நான் போனபோது பேரன் இனிப்பு வாங்கக் காசு கேட்டு அழுதுகொண்டிருந்தான். ஆறு வயது. தவமணி தானே கடைக்குப் போய் வாங்கிவந்து கொடுத்தாள். அவன் கையில் ஒரு சதம் கொடுக்கவில்லை.

"அவனைப் போகவிடலாமே," என்றேன். "காசைப் பிடிச்சுப் பழகட்டும்."

"வேண்டாம் அப்பா. அவனுக்கு நான் காசைப் பற்றி ஒண்டும் சொல்லிக் குடுக்கிறேல்லை. என்ரை குணம் அவனுக்கு வந்திடக்கூடாது."

நான் சொல்லத் தொடங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். முற்றத்தில் இருந்ததையும், அந்தக் கணக்கையும், அடித்ததையும், தாய்வழி என்றதையும். அழுதுகொண்டே சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை அப்பா," என்றாள். "நீங்கள் மாறிச் சொல்லுறியள். அது நான். முற்றத்திலை இருந்து விரல் மடிச்சு எண்ணினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்கள்தான், 'மாமி பாத்துக்கொண்டு இருப்பா, போயிட்டு வா' எண்டு சொன்னனீங்கள். நான்தான் கேக்கேல்லை."

நான் மறுத்தேன். சத்தம் போட்டு மறுத்தேன். அவள் என் தலையைத் தடவினாள்.

"விடுங்கோ. எனக்காக இப்பிடிச் சொல்லுறியள் எண்டு விளங்குது. நான் சுமந்து பழகிட்டன், அப்பா."

பத்து வயதில் என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை அவள் எத்தனை பேரிடம், எத்தனை தரம் சொல்லவேண்டி வந்ததோ! எனக்குத் தெரியாது. அது அவளுக்கு உண்மையாகிவிட்டது. அவளுடைய நினைவில் நல்ல மனிதன் நான். அந்த நல்ல மனிதனை அவளிடமிருந்து பறிக்க என்னால் ஏலாது... பறிக்கத்தான் வேண்டுமா? அதுகூடத் தெரியவில்லை.

புறப்படும்போது, கதவுக்குப் பின்னால் அவள் தன் கணவனிடம் மெல்லச் சொல்வது கேட்டது.

"மாமி போனதிலை இருந்து அப்பாவுக்கு மனம் சரியில்லை. என்ரை பிழையைத் தன்ரை பிழை எண்டு சொல்லுறார். உங்களிட்டையும் சொல்லுவார். நம்பாதேங்கோ, பாவம்."

துறைவரை மருமகன் கூடவே வந்தார். ஊர்காவற்றுறைக்குப் போகும் மிதவை புறப்பட நின்றது. வழியெல்லாம் மழையைப் பற்றியே பேசினார். நான் வாய் திறந்தபோது, "ஓம் மாமா, ஓம்" என்றார். என் முழங்கையைப் பிடித்து, நோயாளியை ஏற்றுவதுபோல ஏற்றி, ஓரத்தில் நிற்கவேண்டாம் என்று ஓட்டுபவரிடமும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.