முதலில் பந்தல்

அம்மா மொக்கம்மாள் செத்துக் கிடந்த அன்று, சுந்தரலிங்கத்துக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. விடிகாலை ஐந்து மணிக்கு உயிர் போனது. பதினொன்றரை ஆகியும் வாசலில் பந்தல் இல்லை. சித்திரை வெயிலில் தெருப் பெண்கள் நாற்பது பேர் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பந்தல் துணி எட்டு வீடு தள்ளி, இளைஞர் மன்றத்து அறையில் இருக்க வேண்டும். மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டான். பூட்டுத்தான் தொங்கியது.

அந்த மன்றத்தைத் தொடங்கியதே அவன்தான். கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். தொண்ணூற்றாறில் இதே தெருவில் ஒரு சாவு வீட்டில், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தாள். “இத்தன எளவட்டம் இருந்தும் ஒரு நெழலுக்கு வக்கில்லையா?” என்று நடுத்தெருவில் நின்று கத்தியவள் மொக்கம்மாள். ஏலக்காய்ச் சாக்குகளை அவளே கோணி ஊசியால் இணைத்துத் தைத்துக் கொடுத்தாள். சுந்தரலிங்கமும் ஐந்து சேக்காளிகளும் கட்டினார்கள். கேரம் போர்டு, கபடி எல்லாம் அதற்குப் பிறகுதான். ‘சாவு விழுந்தால் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. முதலில் பந்தல்’ என்று அவன் பெயிண்டில் எழுதியது மன்றத்துச் சுவரில் இன்னும் இருக்கிறது. முப்பது வயதானதும் சாவியை விஜய்பாண்டியிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். ஐந்து வருஷம் ஆகிறது.

நாலாவது தடவையாகப் போன் போட்டான். இப்போதுதான் விஜய்பாண்டி எடுத்தான்.

“அண்ணே, கம்பம் டவுன்ல இருக்கோம், எல்லாரும். ஃப்ளெக்ஸ் அடிச்சிக்கிட்டு இருக்காக. ஆத்தாவுக்குப் பெருசாப் பண்ணணும்ல?”

“சாவி எங்கடா?”

“எங்கிட்டத்தாண்ணே, பத்திரமா இருக்கு.”

கடப்பாரையை எடுத்தவனை மனைவி ஹேமாவதி மறித்தாள். “நாம கட்டுன மன்றத்த நாமளே ஒடச்சோம்னு பேரு வேணுமா? பொறுங்க, வந்துருவாக.”

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மன்றத்துப் பையன்கள் பதினாலு பேரும் வேனிலிருந்து குதித்திறங்கி, மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் பத்தே நிமிஷத்தில் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். இந்த வேகத்தில் பந்தலைக் கட்டியிருந்தால் காலையிலேயே நிழல் விழுந்திருக்கும். ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே, மூலையில், ரேஷன் கார்டிலிருந்து எடுத்த மொக்கம்மாள் முகம், தோசைக்கரண்டி அளவுக்கு. நடுவில் கூலிங்கிளாஸ் போட்டுச் செல்போனைக் காதில் வைத்த விஜய்பாண்டி. சுற்றிலும் மற்றவர்கள். உச்சியில், கபடிக் கோப்பை வாங்கிய அன்று எடுத்த சுந்தரலிங்கத்தின் படம். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எப்பிடிண்ணே இருக்கு?” என்றான் விஜய்பாண்டி.

“பந்தல எடுத்துட்டு வா.”

அவன் தலையைச் சொறிந்தான். “அது சுருளிப்பட்டியில ஒரு காதுகுத்துக்குப் போயிருக்குண்ணே. நாளைக்கு வந்துரும்.”

சுந்தரலிங்கம் வீட்டுக்குள் போய் அரிவாளோடு வந்தான். பையன்கள் நாலடி பின்வாங்கினார்கள். அவன் நேரே போய்க் கயிறுகளை வெட்டினான். ஃப்ளெக்ஸ் சரிந்து விழுந்தது.

“ஏலே, ஆளுக்கு ஒரு ஓரமாப் பிடிங்க. பொம்பளைக தலைக்கு மேல தூக்குங்க. மூணு மணிக்கு எடுக்கிற வரைக்கும் ஒருத்தன் கை எறங்கக் கூடாது.”

“அண்ணே, ஆத்தா படம் இருக்குண்ணே, அதப் போயி...”

“நெழலுக்குத்தான்டா அவ கத்துனா. பிடி.”

பிடித்தார்கள். நாற்பது பெண்கள் மீதும் நிழல் விழுந்தது. பக்கத்து வீட்டு ஜக்கம்மா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கீழ்நோக்கித் தெரிந்த படங்களை அண்ணாந்து பார்த்தாள்.

“ஏ சுந்தரம், ஒன் ஆத்தா செத்துக் கெடக்கா. நீ என்னடா அங்கன பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிற?”

“அத அந்தப் பயகிட்டக் கேளு, அத்தே.”

விஜய்பாண்டியின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது. இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தன. அடித்து அடித்து அதுவாகவே ஓய்ந்தது.